கள்ளிமுளையானும் கொல்லாமையும்

புதுக்கோட்டை மாவட்டத்து வறண்ட பாறைநிலங்களில், முட்புதர்களின் நிழலிலே, கள்ளிமுளையான் என்னும் சிறு பூண்டு வளர்கின்றது. பெயரிற் கள்ளி உளதேனும் இது கள்ளியினத்ததன்று, எருக்கின் குடும்பத்தது. அதனாலேயே இதன் விதையும் எருக்கின் விதைபோற் பஞ்சுக்குடுமி தாங்கிக் காற்றிற் பறக்கும். தண்டு நாற்பட்டையுடையது, அடி விரற்பருமனாய் நுனி நோக்கிச் சிறுத்துச் செல்வது. இலைகள் மிகச் சிறியனவாய்த் தோன்றி விரைவில் உதிர்தலின், அவற்றின் தொழிலைப் பசுந்தண்டே செய்கின்றது. பகலில் நுண்டுளைகளை மூடி, இரவின் குளிர்ச்சியிலே திறந்து, அகத்துள்ள நீரைக் காத்துக்கொள்ளும். சப்பாத்திக்கள்ளிக்குள்ள முள்ளும் சதுரக்கள்ளிக்குள்ள எரிக்கும் பாலும் இதற்கில்லை. ஆகலின் ஆடும் கடிக்கும். ஆடு மேய்ப்பானும் ஒடித்துத் தின்பான். சிற்றூரார் துவையலாகவும் அரைப்பர்.

இதனைப் பறித்து உண்டல் கொலையாமோ? புல்லும் மரமும் ஓரறிவின என்றும், அவ்வறிவு ஊற்றுணர்ச்சி என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. தனு கரண புவன போகங்கள் வினைக்கீடாக இறைவனால் உயிர்க்குக் கூட்டப்படுவன என்பது சித்தாந்தமாகலின், இத்தண்டும் ஓருயிர்க்கு அமைந்த தனுவே. புலால் மறுத்த அளவிலே கொல்லாமை நிரம்பிற்றென்று சைவர் சிலர் அமைந்திருத்தல் பொருந்தாது. 'அதன் வினை அவ்வாறு. யாம் கருவி மாத்திரமே' என்பாரும் உளர். ஆட்டை அறுப்பானும் அதனையே கூறுவனாயின் அவனுக்கு விடை யாது? ஐயறிவுயிர்க்கு அச்சமும் நோவும் மிகுதலின் அக்கொலை பெரிது என்க. மற்றையது சிறிது, சிறிதென்பது இல்லையென்பதாகாது.

ஈண்டுச் சமணர் ஒழுக்கமொன்று நினைக்கத்தக்கது. இம்மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளிலே கிடந்து நோற்றோர் அவர். கிழங்கும் வேரும் உண்ணாமை அவர்தம் மரபு. உயிரின் இலக்கணத்தில் அவரோடு நமக்குள்ள மாறுபாடு பெரிது. ஆயினும் இதனில் அவர் நுனித்துணர்ந்தது உண்மையே. கள்ளிமுளையானின் நுனியை ஒடித்தால் எஞ்சிய தண்டு மீண்டும் கிளைக்கும். வேரோடு பறித்தால் அவ்வுயிர் அவ்வுடலை இழக்கும். இரண்டும் ஒரு வினையாகா.

வறியவர் பசியாற்றிய இப்பூண்டின் சாரம், இந்நூற்றாண்டில், உடல் இளைக்க விரும்புவோர்க்குப் பசியடக்கும் மருந்தென அயல்நாடுகளிலும் விற்கப்படுகின்றது. அதன் பயன்தானும் ஆராய்ச்சிகளில் ஐயமற நிறுவப்பட்டிலது. நுனியை ஒடித்த இடையனுக்குப் பசி இருந்தது. விலைக்காக வேரோடு அள்ளுவானுக்கு அதுவும் இல்லை. குளிகையை விழுங்குவோனோ அச்செடியைக் கண்டதுமிலன். இம்மூவருள் ஆகாமியம் எவர்க்கு எத்துணை ஏறும் என்பதை நூலுணர்ந்தோர் ஆராய்தல் வேண்டும்.