பய்யோளிக் கடற்கரையின் நம்பியார் சார்



புனேயில் மகர்பட்டாவிலிருந்து கோர்பாடிப் பக்கம் போகிறவர்கள் முண்ட்வா சாலையில் ராணுவ விளையாட்டு நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற ராணுவ வீரர் நீரஜ் சோப்ராவின் பெயரை 2021 ஆகஸ்ட் 27 அன்று அங்குள்ள மைதானத்துக்குச் சூட்டினார்கள். அதற்கு 8 நாள் முன்னால், ஆகஸ்ட் 19 அன்று, கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்திலுள்ள மணியூரில் ஒரு முதியவர் தமது 89-ஆம் வயதில் காலமானார். அவர் பெயர் ஓ.எம். நம்பியார். இந்திய விமானப்படையில் 15 ஆண்டுகள் பணியாற்றி 1970-இல் சார்ஜன்டாக வெளியே வந்தவர், ஓட்ட வீராங்கனை பி.டி. உஷாவின் பயிற்சியாளர். நீரஜ் தங்கம் வென்ற அன்று, 37 ஆண்டுகளாக நிறைவேறாமல் இருந்த தன் ஒலிம்பிக் கனவு நிறைவேறியது என்று உஷா எழுதினார். அந்தக் கனவைக் கண்டவர்கள் இரண்டு பேர். ஒருவரை நாடே அறியும். இன்று மற்றவரைப் பற்றிப் பேசலாம்.

படையிலிருந்து வந்த ஆசிரியர் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே ஒரு சொல்தான் நினைவுக்கு வரும்: கண்டிப்பு. பிள்ளை சொன்னபடி கேட்பான், நேரத்துக்கு எழுந்திருப்பான் என்று நம்பித்தான் பெற்றோர் அவரிடம் அனுப்புகிறார்கள். ஓய்வுபெற்ற படையினர் நிறையப் பேர் வாழும் புனேயில் இந்த நம்பிக்கை இன்னும் ஆழமாகவே இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். படைவாழ்க்கை ஒரு மனிதருக்குக் கட்டுப்பாட்டைக் கற்றுத்தருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை அவர் யார் மேல் வைக்கிறார் என்பதில்தான் நல்ல ஆசிரியரும் வெறும் அதட்டல்காரரும் பிரிகிறார்கள். மாணவர் மேல் வைத்தால் அது பயமாக முடியும். தன் மேல், தன் வேலையின் மேல் வைத்தால் அது கல்வியாகிறது. நம்பியாரின் வாழ்க்கை இதற்கு நான் அறிந்த தெளிவான சான்று.

கல்லூரிக் காலத்திலேயே நன்றாக ஓடியவர், விமானப்படையிலும் தடகள வீரராக இருந்தவர். நாடறிந்த வீரராக அவர் ஆகவில்லை. அத்துடன் மனம் ஒடியாமல், 1961-இல் பாட்டியாலாவில் மோதிபாக் அரண்மனையில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். இது சிறிய செய்தியல்ல. இத்தனை ஆண்டு ஓடியிருக்கிறேன், படையில் இருந்திருக்கிறேன், எனக்குக் கற்பிக்கத் தெரியாதா என்று அவர் நினைக்கவில்லை. கற்பிப்பது தனி வித்தை, அதைப் படித்துத்தான் ஆகவேண்டும் என்று போய் உட்கார்ந்தார். பிறகு கேரள விளையாட்டுக் கவுன்சிலில் சேர்ந்து, பெண்களுக்காகக் கண்ணூரில் தொடங்கிய விளையாட்டுப் பிரிவுக்கு வந்தார். 1976-இல் அங்கேதான், பய்யோளியைச் சேர்ந்த 12 வயது உஷா அவர் கண்ணில் பட்டார். அந்த மெலிந்த உடல்வாகும் வேகமான நடையும்தான் முதலில் தம்மைக் கவர்ந்தன என்று பின்னாளில் சொன்னார். ஓட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே நடையைப் பார்த்திருக்கிறார். ஆசிரியருக்கு வேண்டிய முதல் தகுதி அந்தக் கண்தான்.

அன்றைய கேரளத்தில் சிந்தெடிக் டிராக் கிடையாது. இருந்தது கடற்கரை. பய்யோளி மணலிலும் அலைநுரையிலும் உஷா ஓடினார். மணலில் கால் புதையும். தரையில் ஓரடிக்குச் செலவாகும் பலத்தைவிட அங்கே கூடுதலாகச் செலவாகும், கெண்டைக்காலும் கணுக்காலும் இறுகும். இல்லாத வசதியைச் சொல்லிப் புலம்பாமல் இருக்கிற இடத்தையே பயிற்சிக் களமாக்கிக்கொள்வது படையினருக்கு இயல்பாக வரும் பழக்கம். அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது இன்னொன்று. 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் பெயர் வாங்கி, 1982 டெல்லி ஆசியப் போட்டியில் இரண்டிலும் வெள்ளி வென்ற மாணவியை, 400 மீட்டர் தடை ஓட்டத்துக்கு மாற்றினார். அந்தப் பந்தயத்தில் 10 தடைகள். முதல் தடை 45 மீட்டரில், பிறகு 35 மீட்டருக்கு ஒன்று, கடைசித் தடையைத் தாண்டினால் கோட்டுக்கு 40 மீட்டர். ஒவ்வொரு இடைவெளிக்கும் எத்தனை அடி என்று கணக்கு வைத்து ஓட வேண்டும். அரையடி தப்பினால் கால் மாறும், கால் மாறினால் வேகம் போகும். பெண்களுக்கான இந்தப் பந்தயம் ஒலிம்பிக்கில் நுழைந்ததே 1984-இல்தான். இந்தப் பெண்ணின் கால் எதற்குப் பொருந்தும் என்று பார்த்துப் பந்தயத்தை மாற்றியவர், கீழ்ப்படிதலை மட்டும் எதிர்பார்க்கும் பயிற்சியாளராக இருந்திருக்க முடியாது. திட்டம் மாணவிக்காக மாறியது, மாணவி திட்டத்துக்காக வளைக்கப்படவில்லை.

1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலஸ். மொராக்கோவின் நவால் எல் முதவக்கில் தங்கம் வென்றார். மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41 விநாடி, உஷா 55.42. ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு. கோட்டருகே மார்பை முன்னே தள்ளியிருந்தால் போதும் என்று நாடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி அறிந்து அழுதுகொண்டே இருந்ததாக நம்பியார் தம் கடைசிக் காலத்திலும் சொன்னார். பெண் சொன்னபடி செய்யவில்லை என்று அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. தன் கீழ் இருப்பவருக்கு நேர்ந்ததைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது நல்ல படைத்தலைவரின் குணம் என்பார்கள். அதை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்.

இங்கே ஒருவர் மறுக்கலாம்: உஷா பிறவித் திறமைசாலி, யார் கையில் கிடைத்திருந்தாலும் ஓடியிருப்பார், நம்பியாருக்கு அதிர்ஷ்டம் என்று. திறமை பிறவியிலேயே இருந்தது உண்மை. ஆனால் மீன்பிடி ஊர்களிலும் மலையோரப் பள்ளிகளிலும் அப்படிப் பிறந்து, யார் கண்ணிலும் படாமல் போன கால்கள் எத்தனை இருக்கும்? சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஜெர்மனியும் வராததால்தான் லாஸ் ஏஞ்சலஸில் அந்த இடம் கிடைத்தது என்றும் சிலர் சொல்வதுண்டு. ஆனால் உஷாவின் ஓட்டம் அத்துடன் நிற்கவில்லை: அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசியத் தடகளத்தில் 5 தங்கம், 1986 சியோல் ஆசியப் போட்டியில் 4 தங்கமும் ஒரு வெள்ளியும். நூறு மீட்டர், இருநூறு, நானூறு, தடை ஓட்டம், தொடர் ஓட்டம் என்று ஒரே உடல் இத்தனைக்கும் தாங்கியது. ஆண்டுக்கணக்கில் பக்குவமாக வளர்த்த உடல் அது. அதிர்ஷ்டத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இன்னொரு மறுப்பை நான் அதிக மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். படைமுகாமின் முறை வளர்ந்த ஆண்களுக்கானது, அதைக் குழந்தைகள் மேல் திணித்தால் புண்தான் மிஞ்சும் என்பது. பிரம்பும் வெயிலில் முட்டி போடுதலும் ஒழுக்கம் என்ற பெயரில் எத்தனை பிள்ளைகளை மைதானத்தை வெறுக்க வைத்தன என்பதை நம் தலைமுறையில் யாரும் மறுக்க முடியாது. ஆகவே ராணுவத்தில் இருந்தார் என்பதே ஒருவரை ஆசிரியராக்கிவிடாது. நானும் அதைத்தான் சொல்கிறேன். 1985-இல் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது முதன்முதலாக மூன்று பேருக்குத் தரப்பட்டது. மல்யுத்தத்தில் பாலச்சந்திர பாஸ்கர் பகவத், குத்துச்சண்டையில் ஓ.பி. பரத்வாஜ், தடகளத்தில் நம்பியார். பரத்வாஜ் ராணுவத்திலிருந்து வந்தவர், நம்பியார் விமானப்படையிலிருந்து. மூவரில் இருவர் படையினர். இருவருமே தம் விளையாட்டைத் துறையாகக் கற்று, அதிலேயே ஆண்டுக்கணக்கில் ஊறியவர்கள். படை அவர்களுக்கு முதுகெலும்பைக் கொடுத்தது, கற்பிக்கும் கையைப் பயிற்சிப் படிப்பும் அனுபவமும் கொடுத்தன. இரண்டில் எது குறைந்தாலும் நாம் பயப்படும் அந்த டிரில் மாஸ்டர்தான் கிடைப்பார்.

மாணவி 1985-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆசிரியருக்கு அதே விருது அறிவிக்கப்பட்டது 2021-இல், 36 ஆண்டுகள் கழித்து. நவம்பரில் டெல்லியில் விருதுகளை வழங்கியபோது அவர் இல்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் அவர் வேலைக்குச் சான்று விருதுப் பட்டியலுக்கு வெளியே உயிரோடு இருக்கிறது. 2002-இல் தொடங்கி இன்று கோழிக்கோடு மாவட்டத்தின் கினாலூரில் இயங்கும் உஷா தடகளப் பள்ளியில் பயின்ற டின்டு லூக்கா, 2010-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். அதுவரை அந்தச் சாதனையை வைத்திருந்தவர் ஷைனி வில்சன், அவரும் நம்பியாரிடம் பயின்றவர்களில் ஒருவர்.

இதை இன்று பேசக் காரணம் உண்டு. 2022-இல் அறிவிக்கப்பட்ட, படைகளுக்கு ஆள் சேர்க்கும் அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரப் பணிக்குப் போவார்கள். மற்றவர்கள் 4 ஆண்டில், இருபதுகளின் தொடக்கத்திலேயே, ஊர் திரும்புவார்கள். அவர்களுக்குக் காவலாளி வேலை தேடித் தருவது பற்றியே நிறையப் பேச்சு நடக்கிறது. அவர்களில் ஓடவும் தாண்டவும் தெரிந்தவர்களைப் பாட்டியாலா போன்ற இடங்களில் படிக்க வைத்து, பள்ளி மைதானங்களுக்கு முறையான சம்பளத்தோடு அனுப்பும் வேலையை மாநில அரசுகள் கையில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் உடற்கல்வி ஆசிரியருக்காகக் காத்திருக்கும் பள்ளிகள் இருக்கின்றன.