பிறர் கையால் உண்பவரின் மாண்பு

பிரான்சில் கோம்பியேன் காட்டை ஒட்டிய துரோலி-புரூய் என்ற சிற்றூரில், 1964 ஆகஸ்டு மாதம் ழான் வனியே ஒரு பழைய வீட்டில் குடியேறினார். அறிவுசார் குறைபாடு காரணமாகக் காப்பகம் ஒன்றில் அடைபட்டுக் கிடந்த ரஃபேல், பிலிப் என்ற இருவரைத் தம்மோடு வாழ அழைத்து வந்திருந்தார். நோவாவின் பேழையை நினைத்து 'லார்ஷ்' என்று பெயரிடப்பட்ட அந்த வீடு, இன்று 30க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 150 சமூகங்களாகப் பெருகியிருக்கிறது. இந்தியாவில் அதன் முதல் இல்லம் 1970இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் தோன்றியது. பின்னர் சென்னை, கொல்கத்தா முதலிய இடங்களிலும் இல்லங்கள் வந்தன.

இந்த வீடுகளில் குறைபாடு உள்ளவர்கள்தாம் முதன்மை உறுப்பினர்கள். உதவியாளர்கள் அவர்களோடு ஒரே கூரையின் கீழ் தங்குவதே தொடக்ககால வழக்கம். பகலில் பட்டறையிலோ தோட்டத்திலோ வேலை, இரவில் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு, அதன்பின் வழிபாடு. வேர் கத்தோலிக்கம் என்றாலும், ஆஷா நிகேதன் இல்லங்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக அமர்ந்து பிரார்த்திக்கிறார்கள்.

வனியே தத்துவம் பயின்றவர். அரிஸ்டாட்டிலின் அறவியலில் மகிழ்ச்சிக்கு உள்ள இடத்தை ஆராய்ந்து 1962இல் முனைவர் பட்டம் பெற்றவர். ஆனால் அவர் தொடங்கிய வீடு அரிஸ்டாட்டிலோடு நேருக்கு நேர் மோதுகிறது. பகுத்தறிவு நடத்தும் வாழ்வே மனித வாழ்வின் நிறைவு என்றார் அரிஸ்டாட்டில். முழுமையான நட்பு நற்பண்பில் நிகரானவர்களுக்கு இடையே மட்டுமே அமையும் என்றும் கருதினார். தன்னைத் தானாக அறிந்து சிந்திக்கும் உயிரையே லாக் 'ஆள்' என்று வரையறுத்தார். தனக்குத் தானே அறநெறி விதித்துக்கொள்ளும் ஆற்றலில் மாண்பைக் கண்டார் கான்ட். இவற்றை அப்படியே ஏற்றால், தன் பெயரைச் சொல்லத் தெரியாத, ஒரு வாய்ச் சோற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் முப்பது வயது மனிதர் எங்கே நிற்கிறார்? பெரும்பாலான தத்துவ நூல்கள் அவரை விதிவிலக்காக ஓரிரு வரிகளில் கடந்துவிட்டன.

அந்த மௌனம் 1999இல் இரண்டு பக்கமிருந்து கலைந்தது. மனிதர் எல்லாரும் சார்ந்து பிறக்கிறார்கள், பலர் சார்ந்தே முதுமையைக் கழிக்கிறார்கள், ஆகவே சார்பை ஒதுக்கிவிட்டு அறவியல் பேச முடியாது என்று எழுதினார் தத்துவ அறிஞர் அலஸ்டர் மெக்கின்டயர். கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள மகளை வளர்த்த தத்துவப் பேராசிரியர் ஈவா ஃபெடர் கிட்டே, ஒவ்வொருவரும் யாரோ ஒரு தாயின் பிள்ளை என்பதிலிருந்தே சமத்துவத்தைத் தொடங்க வேண்டும் என்று வாதிட்டார். ஒருவர் வளர்க்கப்பட்டார் என்பதே அவருடைய மதிப்புக்குப் போதுமான சான்று என்ற இந்த வாதம், அறிவை அளந்து மதிப்புத் தரும் எந்தக் கொள்கையையும்விட உறுதியானது.

சமயத் தரப்பில் இதற்கு இணையான சாட்சியம் டச்சு குருவானவர் ஹென்றி நௌவெனுடையது. யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் கற்பித்த அவர், 1986இல் கனடாவின் டொரன்டோ அருகே உள்ள லார்ஷ் டேபிரேக் சமூகத்தில் சேர்ந்தார். ஆடம் என்ற இளைஞரைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஆடம் பேசமாட்டார், அடிக்கடி வலிப்பும் வரும். புகழும் படிப்பும் செல்லுபடியாகாத அந்த அறையில், ஏதும் சாதிக்காமலே நேசிக்கப்படுவது என்னவென்று கற்றுக்கொண்டதாக நௌவென் எழுதினார்.

நெஞ்சைத் தொடும் எழுத்து அது. ஆனால் அங்கேயே ஒரு கேள்வியும் பிறக்கிறது: ஆடம் யாருக்காக வாழ்ந்தார்? பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று இயேசுவைக் கேட்டதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. முன்வினை என்று விளக்கம் சொல்லும் நம்மூர் வழக்கமும் அந்தக் கேள்வியின் உறவுதான். பாவம் யாருடையதுமல்ல என்று இயேசு மறுத்தது பெரிய விடுதலை. ஆனால் கடவுளின் செயல் அவரிடம் வெளிப்படவே இப்படி நேர்ந்தது என்று அதே பகுதி தொடர்கிறது. ஒருவருடைய உடல் பிறருக்குப் பாடம் நடத்தும் கருவியாகிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. தண்டனை என்பவரும் வரம் என்பவரும் அந்த மனிதரைக் கேட்காமலே அவர் வாழ்க்கைக்குப் பொருள் சொல்லிவிடுகிறார்கள். குறைபாட்டோடு வாழ்ந்த இறையியலாளர் நான்சி ஐஸ்லாண்ட், 1994இல் வெளியிட்ட நூலில் வேறு வழி காட்டினார். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் கைகளில் காயங்கள் மறையவில்லை. குறைபட்ட உடல் கடவுளுக்கே உரியது என்றால், அது யாருக்கும் பாடமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதே எதிர்ப்பை அரசியல் மொழியில் சொன்னது சுயாதீன வாழ்வு இயக்கம். போலியோவால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எட் ராபர்ட்ஸும் தோழர்களும் 1972இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு மையம் நிறுவினார்கள். தானே சட்டை மாட்ட இரண்டு மணி நேரம் போராடி வீட்டிலேயே முடங்குபவரைவிட, உதவியாளரைக் கொண்டு சில நிமிடங்களில் உடுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்புபவரே சுதந்திரமானவர் என்பது அவர்கள் வாதம். உதவி வாங்குவது இழிவில்லை. அதை யார், எப்போது, எப்படித் தருவது என்ற முடிவு தன் கையில் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, எங்கே யாரோடு வாழ்வது என்ற தெரிவை உரிமையாகவே ஆக்கியது. ஆனால் தன் விருப்பத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் எழுப்பிய கோரிக்கை இது. ஆடமின் விருப்பத்தை யார் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதற்கு அதில் உடனடிப் பதில் இல்லை.

நெருக்கம் இருந்தால் ஒருவருடைய விருப்பம் தானே புரியும் என்று லார்ஷ் நம்பியது. அந்த நம்பிக்கை போதாது என்பது கசப்பான வழியில் தெரியவந்தது. வனியே 2019இல் இறந்தார். அவர் ஆன்மிக வழிகாட்டுதலின் பெயரால் ஆறு பெண்களைப் பாலியல் முறைகேட்டுக்கு உள்ளாக்கியதை லார்ஷ் தானே ஏற்பாடு செய்த விசாரணை 2020இல் வெளிப்படுத்தியது. 2023இல் வந்த விரிவான அறிக்கை அந்த எண்ணிக்கையைக் குறைந்தது 25 என்றது. அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் எளியோரின் புனிதம் பற்றி அவ்வளவு எழுதியவரின் அதிகாரத்தை, அந்தப் புனிதமே பார்வையிலிருந்து மறைத்திருந்தது. சார்பைப் போற்றும் எந்த இறையியலும், சார்ந்திருப்பவர் 'வேண்டாம்' சொல்லும் வழியையும் காக்க வேண்டியிருக்கிறது.

அதற்கான வேலை மிக நுட்பமானது. ஒருவருடைய முனகல், முகத்திருப்பல், உடல் விறைப்பு இவற்றின் பொருளைப் பலர் சேர்ந்து குறித்து வைத்து, உதவியாளர் மாறினாலும் அது தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிவை அவருக்காக எடுக்காமல் அவரோடு எடுக்கும் இந்த முறைக்கு ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், பாதுகாவலரும் குறைபாடு உள்ளவரும் கூடி முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட பாதுகாவல் முறையைக் கொண்டுவந்தது. 'எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்' என்று கலங்கும் பெற்றோருக்கு நிரந்தரமான இல்லம் ஒன்று முதல் ஆறுதல். அங்கே பிள்ளையின் முகத்திருப்பல் மதிக்கப்படுமா என்பது அவர்கள் அடுத்துக் கேட்க வேண்டியது. சமயம் நடத்தும் இல்லமானால் அதை வழிபாட்டு நேரத்திலேயே பார்த்துவிடலாம்: வர விருப்பமில்லாதவர் தம் அறையில் இருக்க விடப்படுகிறாரா, அவருக்கும் அதே நேரத்தில், அதே பரிவோடு சாப்பாடு பரிமாறப்படுகிறதா என்பதில்.