வழி தவறியவர் யார்?

மனிதன் தன் விருப்பத்தால் பொருளை வாங்குகிறானா, அன்றி அவன் அறியாமலே வாங்குவிக்கப்படுகிறானா என்னும் வினா நூல்களில் மட்டும் எழுவதன்று. ஒரு பெரிய தளவாடக் கடையின் நடுவே கால் கடுக்க நின்றபோது அஃது எனக்கு எழுந்தது.

என் மகளுக்கு எழுதும் மேஜை ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவே. அக்கடைக்கு நான் சென்றது அதுவே முதல் தடவை. தரையில் இட்டிருந்த அம்புக்குறிகளைப் பின்பற்றினேன். படுக்கையறை வந்தது, பின் சமையலறை, பின் மீண்டும் ஒரு படுக்கையறை. சாளரம் எங்குமில்லை, பகலா இரவா என்பதும் விளங்கவில்லை. திரும்பி நடந்தால் எதிரே வரும் கூட்டம் தடுத்தது. ஒன்றரை மணி நேரம் கழிந்தபின், மேஜைகள் இருந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டேன் என்று அறிந்தேன். அதற்குள் என் தள்ளுவண்டியில் இரண்டு தலையணைகளும் பன்னிரண்டு மெழுகுவர்த்திகளும் ஏறியிருந்தன. மின்விளக்கு எரியும் வீட்டுக்கு மெழுகுவர்த்தி எதற்கென்று அப்போது தோன்றவேயில்லை!

என்னை வருத்தியது கால்வலியன்று, வெட்கம். எவரையேனும் கேட்டால் பட்டிக்காட்டான் என்று எண்ணுவரோ என அஞ்சி வாய்மூடி நடந்தேன். நேயர்களே, தோட்டத்திலே பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு இது பழகிய நோய். அலுவலகப் படியேறினாலும், மருத்துவமனைக்குள் நுழைந்தாலும், விளங்காதது எதுவோ அதனை நம் அறிவீனம் என்றே கொள்கிறோம். அமைத்தவரின் கோளாறாயிருக்கலாம் என ஐயுறுவதேயில்லை.

வியன்னாவிலே பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் குருயன் என்னும் கட்டடக் கலைஞர், மினசோட்டா மாநிலத்தில் கூரையிட்ட பேரங்காடி ஒன்றை அமைத்தார். அது 1956-இல் திறக்கப்பட்டது. மக்கள் கூடி உரையாடும் ஊர்ச் சதுக்கம்போல் அது விளங்கவேண்டும் என்பது அவர் எண்ணம். நிகழ்ந்ததோ வேறு. வந்த காரியத்தை மறந்து கண்டதையெல்லாம் விரும்பத் தொடங்கும் மயக்க நிலைக்கே அவர் பெயரை இட்டு வழங்கலாயினர். 1978-இல் இலண்டனில் பேசியபோது, தம் கருத்தினின்று பிறந்த பேரங்காடிகளைத் தம்முடையவென ஏற்க அவர் மறுத்துவிட்டார். ஆக, என் மறதிக்கு ஒரு பெயரே உண்டு!

நியாயத்தை மறைத்தல் ஆகாது. அக்கடையில் எந்த நாற்காலியிலும் எவரும் அமரலாம். நீ யார், என்ன சாதி, என்ன தொழில் என்று கேட்பாரில்லை. விலைச்சீட்டு எல்லார்க்கும் ஒன்றே. துரை பங்களாவின் படிக்கட்டில் நிற்கவும் அஞ்சிய பாட்டனாரின் பேரன், அங்கே மெத்தை நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டினேன். இச் சமத்துவம் சிறிதன்று.

ஆயினும், அமர இடந்தந்தவர் எழுந்துபோக வழியைக் காட்டாதது ஏன்? பொய் உரைப்பது குற்றமாயின், காட்டவேண்டியதைக் கண்ணுக்கு எட்டாமல் வைப்பது குற்றமன்றோ? எவரையும் வற்புறுத்தவில்லையே என்பர் கடைக்காரர். உண்மையே. பழைய தோட்டக் கடையில் நம்மவர் காலைப் பற்றியது கடன். இங்கே பற்றியது பாதை. கடனையாவது கடன் என்று அறிந்திருந்தனர். வாயில் எங்கேயென்று அறியாதவன், ‘நான் விரும்பியே இங்கிருக்கிறேன்’ என்று கூறும் கூற்றுக்கு மதிப்பு யாது?

இறுதியில் வெட்கத்தை விட்டு, அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரைக் கேட்டேன். இரண்டு அலமாரிகளுக்கு இடையே இருந்த குறுக்குவழியைக் காட்டினார். அதன் முன்னே இருமுறை நடந்திருக்கிறேன்!

“நாள் முழுவதும் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், ஐயா” என்றார் அவர்.

தலையணைகளையும் மெழுகுவர்த்திகளையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, மேஜையைத் தேடித் திரும்பி நடந்தேன்.