மிகையும் கொடையும்

வீட்டில் மிகையாய்க் கிடக்கும் பொருளைப் பிறர்க்கு வழங்குவது அன்பளிப்பாகுமா, அன்றிச் சுமையை இடம்மாற்றுவது மட்டுந்தானா? வழங்குபவருக்கு இழப்பில்லாத இடத்தில் கொடையுமில்லை என வாதிடுவோர் உளர்.

கடோபநிடதத்தில் நசிகேதனின் தந்தை, பால் வற்றிய கிழப்பசுக்களை வேள்வித் தானமாக வழங்குகின்றார். அது கண்டு மைந்தனின் உள்ளம் கலங்குகின்றது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், தமிழகத்து நாகப்பட்டினத்திற்கு வந்து சேர்ந்த பழந்துணிகள் கொள்வாரின்றித் தெருவோரங்களிற் குவிந்தன. உடைமைகளை இழந்தோரும் அயலார் களைந்தவற்றை உடுக்க விரும்பவில்லை.

இவ்விரு நிகழ்வுகளிலும் குற்றம் பெறுபவரை எண்ணாமையிலேயே உள்ளது. பொருளின் மிகையில் இல்லை. அலுமாரியை ஒழுங்குசெய்பவர், 'எனக்கு எது வேண்டாம்?' என்று மட்டும் வினவுவாராயின் அவர் கையில் எஞ்சுவது கழிவே. 'இது யாருக்குப் பயன்படும்?' என வினவும்போதே அப்பொருள் கொடையாகும் தகுதியைப் பெறுகின்றது. பல்கலைக்கழகம் புகும் அயல்வீட்டு மாணவிக்கெனத் தெரிந்தெடுத்து, தூசு துடைத்து, கிழிந்த அட்டையை ஒட்டி வழங்கப்படும் பழைய அகராதி, கடையில் அவசரமாக வாங்கிய புதுப் பரிசிலினும் மேலானது. அங்கு வழங்குபவர் தம் நேரத்தையும் கவனத்தையும் செலவிடுகின்றார். ஆகவே, இழப்பின்றிக் கொடையில்லை என்னும் கூற்றும் பொய்க்கவில்லை. இழப்பு யாது என்பதே திருத்தி உணரற்பாலது.

இன்னுமொன்று மனங்கொளத்தக்கது. மறுக்கும் உரிமை பெறுபவருக்கு உண்டு. 'வேண்டாம்' எனத் தயக்கமின்றிச் சொல்ல இடமளிக்காத அன்பளிப்பு, எத்துணை நல்ல பொருளாயினும், பெறுபவர்மேல் ஏற்றப்படும் கடனேயாகும்.