ஃபார்மட் அடிச்சிடலாமா?

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் எந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் முதலில் வருகிற யோசனை ஒன்றுதான்: ஃபார்மட் அடிச்சிடலாமா? பிரின்டர் ஓடவில்லை என்றாலும் ஃபார்மட், இன்டர்நெட் வரவில்லை என்றாலும் ஃபார்மட். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குக் கப்பலின் கட்-ஆஃப் நேரம்தான் கடிகாரம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது, "ஏன் ஓடவில்லை?" என்று யாரும் கேட்பதில்லை. "எப்போ ஓடும்?" என்றுதான் கேட்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு நடக்கிறது.

பழைய கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் போட்டு, அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லினக்ஸ் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. தரமணி டைடல் பார்க்கிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-லேயே வெளிவந்துவிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதுவும் உட்கார்ந்து வந்தது. என் கண்ணில் பட்ட பல மடிக்கணினிகளில் அந்தப் பகுதியைத் துடைத்துவிட்டுப் படம் சேர்த்து வைத்திருந்தார்கள். என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே துடைக்கிற பழக்கம் நமக்கு அங்கேயே வந்துவிட்டதோ என்னவோ.

ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துத் தம்பி ஒருநாள் போன் செய்தான்.

"அண்ணே, ஜிஎடிட் தொறந்தா அப்படியே ஹேங் ஆயிடுது. ஃபார்மட் அடிச்சிடலாமா?"

"எல்லா ஃபைலுக்குமா?"

"இல்லண்ணே, பே-பிளான் ஃபைலுக்கு மட்டும். அதுவும் சின்ன ஃபைல்தான், ரெண்டு எம்பி கூட வராது."

ஜிஎடிட் என்பது லினக்ஸின் க்னோம் திரையில் பல ஆண்டுகளாக இருந்துவந்த எளிய டெக்ஸ்ட் எடிட்டர். 2022-ல் க்னோம் 42 அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை வைத்தது; பழைய இயந்திரங்களில் இன்னும் ஜிஎடிட்தான். பே-பிளான் என்பது கப்பலில் எந்தப் பெட்டி எந்த அறையில், எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று சொல்லும் கோப்பு. எடிஃபாக்ட் என்ற சர்வதேச முறையில் எழுதப்பட்டிருக்கும். துறைமுகங்களுக்குச் சுருக்கெழுத்து உண்டு: சென்னைக்கு ஐஎன்எம்ஏஏ, எண்ணூருக்கு ஐஎன்இஎன்ஆர். தகவல் துண்டு ஒவ்வொன்றும் ஒற்றை மேற்கோள் குறியோடு முடியும். அடுத்த துண்டு புது வரியில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அங்கேதான் சிக்கல். கோப்பில் எத்தனை வரிகள் என்று, கட்டளை தட்டுகிற டெர்மினல் சன்னலில் கேட்டேன். பூஜ்யம் என்றது. வரி முடிவுக் குறிகளைத்தான் அந்தக் கட்டளை எண்ணும், ஒன்றுகூட இல்லை. ஆயிரக்கணக்கான பெட்டிகளின் விவரமும் ஒரே வரியாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த எடிட்டருக்குள் இருக்கும் எழுத்துப் பலகை உரையை வரி வரியாகத்தான் பிரித்து வைத்துக்கொள்கிறது. திரையில் காட்டுவதற்கு அளவெடுப்பதும் வரி வரியாகத்தான். லட்சம் வரிகளைக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரிகிற ஐம்பது வரிகளை முதலில் காட்டிவிட்டு மற்றதை மெல்லப் பார்த்துக்கொள்ளும். கோப்பு முழுக்க ஒரே வரி என்றால் முழுதையும் அளந்த பிறகுதான் முதல் எழுத்தைக் காட்ட முடியும். அதைத்தான் அது செய்துகொண்டிருந்தது. நாம் அதை 'ஹேங்' என்றோம்.

கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு மேற்கோள் குறிக்குப் பிறகும் ஒரு வரி முடிவைப் போட்டதும் பட்டென்று திறந்தது. (பெயருக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால் அதற்கு முன்னால் கேள்விக்குறி இருக்கும், அங்கே உடைக்கக் கூடாது.) மூலக் கோப்பைத் தொடவில்லை. அது துறைமுகத்தின் கன்டெய்னர் டெர்மினலுக்குப் போக வேண்டியது.

தம்பிக்கு ஒரு சந்தேகம். "போன மாசம் இதே மாதிரி ஆச்சுண்ணே. பக்கத்து ஆபீஸ்ல ஒருத்தர் வந்து ஃபார்மட் அடிச்சாரு, சரியாயிடுச்சே?" அன்று அடுத்து வந்த கோப்பு வேறொரு கப்பல் கம்பெனியிலிருந்து வந்திருக்கும், அவர்கள் வரி பிரித்து அனுப்புகிறவர்களாக இருந்திருப்பார்கள். குணமானது தற்செயல், பேர் ஃபார்மட்டுக்கு. தப்பான வைத்தியம் தோற்றுப்போனால் மறந்துவிடுகிறோம். ஜெயித்ததுபோலத் தோன்றிவிட்டால் அது வழக்கமாகி, பிறகு சாஸ்திரமாகிவிடுகிறது. வீட்டிலும் எத்தனையோ சாஸ்திரங்களை இப்படித்தான் சேர்த்து வைத்திருக்கிறோம்.

இன்னொரு அலுவலகத்தில் வேறு கதை. எடிட்டர் திறக்கும், எழுத்து அளவை மாற்றினால் அடுத்த முறை பழையபடி ஆகிவிடும். சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியலும் காலி. அமைப்புகள் இருக்கும் கோப்புறையைப் பார்த்தால், உரிமையாளர் பெயர் இருக்கிற இடத்தில் 'ரூட்' என்ற நிர்வாகக் கணக்கின் பெயர் இருந்தது. எப்போதோ யாரோ ஒருவர் ஏதோ ஒரு சிஸ்டம் கோப்பைத் திருத்த, 'சுடோ' போட்டு, அதாவது சர்வ அதிகாரத்தோடு, எடிட்டரைத் திறந்திருக்கிறார். வேலை முடிந்தது. ஆனால் அந்த நேரத்தில் எடிட்டர் எழுதி வைத்த சின்னச் சின்னக் கோப்புகளெல்லாம் ரூட்டின் பெயரில் பதிந்துவிட்டன, அந்தப் பயனரின் 'ஹோம்' கோப்புறைக்குள்ளேயே, அதாவது அவர் வீட்டுக்குள்ளேயே. அன்றிலிருந்து அவருக்கு அவர் வீட்டிலேயே எழுத உரிமை இல்லை. உபுண்டுவில் 19.10 வரும் வரை இது சாதாரணமாக நடந்தது. இப்போது வேலண்ட் என்ற புதிய திரை முறை, அதிகாரத்தோடு சன்னல் திறப்பதையே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. "பழசுல முடிஞ்சுது, புதுசுல முடியல" என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தத் தடையின் பக்கம். அவசரத்துக்கு உதவ வந்த அதிகாரம் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். சாவி யார் பெயரில் இருக்கிறது என்பது பிறகொரு நாள்தான் தெரியும். குடும்பங்களில் சொத்துத் தகராறு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காசிமேட்டில் ஒரு பெரியவர் கொண்டுவந்தது பழைய சங்கக் கணக்கு. 2002-ல் தட்டச்சு செய்தது. திறந்தால் தமிழே இல்லை. தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தன. "எல்லாம் போச்சுப்பா" என்றார்.

"ஒண்ணும் போகல ஐயா. சேவ் மட்டும் அமுக்கிடாதீங்க."

கோப்பு திஸ்கி குறியீட்டில் இருந்தது. 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன் ஆளுக்கொரு குறியீடு. கோப்பில் இருந்த எண்கள் அப்படியே இருந்தன, படிக்கிற கண்ணாடிதான் மாறிப்போயிருந்தது. லினக்ஸில் இருக்கும் குறியீடு மாற்றும் கருவிக்குத் திஸ்கி தெரியும். மாற்றியதும் பெயர்களும் தொகைகளும் வந்து நின்றன. பெரியவர் முதலில் பார்த்தது கணக்கையல்ல, கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியலை. பாதிப் பேர் இப்போது இல்லை என்றார். புரியாத எழுத்தோடு ஒரு கோப்பு திறந்தால் எடிட்டரே எச்சரிக்கும்: இதைத் திருத்திச் சேமித்தால் ஆவணம் கெட்டுப்போகலாம் என்று. அந்த மஞ்சள் பட்டையை மூடிவிட்டு சேவ் அமுக்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பழுது பார்ப்பதில் எனக்குப் பிடித்தமான பகுதி ஒன்று உண்டு. ஐகானைச் சொடுக்கித் திறந்தால் எடிட்டர் எதுவும் சொல்லாமல் செத்துப்போகும். அதையே டெர்மினலில் பெயர் சொல்லித் திறந்தால் பேசத் தொடங்கும்: இந்தக் கோப்பைக் காணோம், அந்தச் செருகி ஏறவில்லை, திரையோடு தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் புதிதாகக் கேட்பவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான எடிட்டரும் டெர்மினலில் முணுமுணுத்துக்கொண்டேதான் இருக்கும். எச்சரிக்கை என்று வரும் வரிகளில் பல, எந்தத் தீங்கும் செய்யாதவை. பழுதான நாளில் முதன்முறையாகக் கேட்கிறவருக்கு எல்லாமே அபாயமாகத் தெரியும். எது வழக்கமான முணுமுணுப்பு, எது இன்று புதிதாக வந்தது என்று பிரிக்க வேண்டுமானால், நன்றாக இருந்த நாளில் ஒருமுறை கேட்டு வைத்திருக்க வேண்டும். அதை யாரும் செய்வதில்லை.

இதை எழுதுகிற வீட்டின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் எனக்கு எண்ணூர்ப் பக்கத்து வானம் தெரியும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கி, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதற்குள் இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. கொடியில் காயும் வேட்டியில் சாம்பல் படிவது அவர்களுக்கு முணுமுணுப்பு, எச்சரிக்கை இல்லை. நன்றாக இருந்த நாளின் காற்று எப்படி இருந்தது என்பதற்குப் பாட்டிமார்களின் பேச்சைத் தவிர வீட்டில் பதிவு கிடையாது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பக்கத்திலுள்ள மணலிக்கு 76.32 என்று மதிப்பெண் போட்டு, கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. பள்ளிக்கூடத்தில் அந்த மதிப்பெண் வந்திருந்தால் வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள்.

லினக்ஸில் ஒரு பழைய சோதனை இருக்கிறது. எடிட்டர் தகராறு செய்தால், அதே கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து, அங்கே ஓடுகிறதா என்று பார்ப்பது. ஓடினால் இயந்திரத்தில் குற்றமில்லை. நீங்கள் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த அமைப்புகளுக்குள்தான் எங்கோ இருக்கிறது. உடனே அவற்றை அழிக்கக் கூடாது. கோப்புறையின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, பாதிப் பாதியாகத் திரும்பக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். எந்தப் பாதியில் கெடுகிறதோ, அதை மறுபடியும் பாதியாக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது இந்தத் தொழிலின் ஒரே சட்டம். இரண்டை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

எங்கள் தெருவிலிருந்து வீடு மாற்றிக்கொண்டு அம்பத்தூர்ப் பக்கம் போன ஒரு குடும்பம் உண்டு. பையனின் இளைப்பு அங்கே போனதும் குறைந்தது என்றார்கள். புதிய பயனர் கணக்குச் சோதனைதான் அது, செலவு அதிகம். அதனால் என்ன தெரிந்தது? இங்கே ஏதோ இருக்கிறது என்பது தெரிந்தது. எந்தப் புகைபோக்கி என்பது தெரியவில்லை. உரம், எண்ணெய், நிலக்கரி, ரப்பர், லாரிப் புகை எல்லாம் ஒரே காற்றில் கலந்திருக்கின்றன. பாதியை ஓரமாக வைத்துவிட்டு மறுபாதியை மட்டும் ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்க்கிற வசதி திருவொற்றியூர்க்காரர்களுக்கு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தபோது, வலையும் படகும் கறுத்து நின்றன. அப்போதும் முதல் சில நாட்கள் போனது, எங்கிருந்து வந்தது என்ற வாக்குவாதத்தில்தான்.

பத்து ஆலைகள் வரிசையாக நிற்கிற இடத்தில், "என்னால்தான் என்று காட்டு" என்று ஒவ்வொருவராலும் சொல்ல முடிகிறது. தனித்தனியாகக் கேட்டால் அது நியாயமாகவும் படுகிறது. என் தொழிலின் சட்டமும் அதுதானே? ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்க்கிற அதிகாரமும், உள்ளே என்ன நடக்கிறது என்று படிக்கிற பதிவேடும் கையில் இருக்கின்றன. காற்றின் விஷயத்தில் நிறுத்துகிற அதிகாரம் ஆலையிடம் இருக்கிறது, பதிவேடும் ஆலையிடமே இருக்கிறது. இரண்டும் இல்லாதவனிடம் ஒற்றைக் காரணத்தைக் கொண்டுவா என்று கேட்பது பழுது பார்ப்பதல்ல, பழுதைக் காப்பாற்றுவது. சரியான கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்கிறார்கள்.

நீதிமன்றம் இதை எப்போதோ பார்த்துவிட்டது. பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன் செயலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது, இருமுகிறவருடையது அல்ல.