கல்யாணத்துக்கு என்ன ஆதாரம்?

ஆடித் தபசு அன்று சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் தவக்கோலத்தில் தபசு மண்டபத்துக்கு எழுந்தருள்கிறாள். மாலையில் சங்கரநாராயணராகக் காட்சி தரும் சுவாமி, இரவில் சங்கரலிங்கராக மறுபடி வருகிறார். சுற்றிலும் சம்சாரிகள் பருத்தியையும் வத்தலையும் சூறை விடுகிறார்கள். கணவன் வெளிநாட்டில் இருக்க, ஸ்பான்சர் மனு எப்போது நகரும் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு இந்தத் தபசை உவமை சொல்லி ஆறுதல் தருவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மன் தவத்தைத் தானே தேர்ந்தாள்; அருள வேண்டியவரும் அவள் வேண்டிய சுவாமிதான். மனு போட்ட பெண்ணுக்கோ முன்பின் தெரியாத ஓர் அதிகாரி வரம் தர வேண்டும். இந்தக் கல்யாணம் உண்மையா என்று அவர் தீர்மானிக்கிறார். மூன்றாமவர் ஒருவரால் அதை அறிய முடியுமா?

மனுவோடு போகும் கட்டைப் பிரித்தால் கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் படம், இரு வீட்டாரும் வரிசையாக நிற்கும் படம், பதிவுச் சான்றிதழ் ஆகியவை முதலில் வரும். இவையெல்லாம் ஊரறிய நடந்ததற்குச் சாட்சி. அடுத்து வாட்ஸ்அப் பேச்சின் அச்சுப் பிரதி, விமான டிக்கெட், பணம் அனுப்பிய ரசீது. இருவருக்கும் ஏற்கெனவே ஓர் உறவு வளர்ந்திருக்கிறது என்று காட்ட இவை. பெரியவர்கள் பார்த்துப் பேசி, மாப்பிள்ளையின் லீவு முடிவதற்குள் நிச்சயமும் முகூர்த்தமும் நடந்தேறும் ஊரில் அந்தப் பழைய கதைக்கு எங்கே போவது? நம் வழக்கில் மணம் என்பது இனி வாழப்போவதற்குக் கொடுக்கும் வாக்கு. சடங்கை மறுத்தவர்களும் இதை மறுக்கவில்லை. சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவு புரோகிதரைக் கேட்கவில்லை. உறவினரோ நண்பரோ முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் அது கல்யாணம்தான். வாக்கைக் கேட்டவர்கள் அது கொடுக்கப்பட்டதற்குச் சாட்சி சொல்லலாம். அது மெய்யா என்பது வாழ்ந்து முடித்த பிறகுதான் தெரியும்.

விசாவுக்காகப் பொய்க் கல்யாணம் செய்பவர்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. காதலித்தவர்கள் பொய் பேசிக் கைவிடத் தொடங்கியதால்தான் சடங்கே ஏற்பட்டது என்பது தொல்காப்பியம் தரும் விளக்கம். ஆனால் அன்றைய பெரியவர்கள் யார் மனதையும் தோண்டவில்லை. வாக்கைப் பலரறியக் கொடுக்க வைத்தார்கள். மனதைத் தோண்டப் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் உதாரணம். கல்யாணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அல்ல என்று மனு போட்டவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி அங்கே 1997 வரை இருந்தது. இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? சடங்கை மட்டும் பார்த்தாலும் ஆபத்து உண்டு. 1913-இல் தென்னாப்பிரிக்காவில், இந்தியாவிலிருந்து மனைவியை அழைத்துவந்த ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத மணங்கள் செல்லாது என்று நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மனைவிகள் சட்டத்தின் முன் யாருமற்றவர்கள் ஆனார்கள். சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியது அதன் பிறகுதான். சிறைக்குப் போய் நோயோடு திரும்பி 1914 பிப்ரவரி 22-இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்குக் காக்க வேண்டிய கல்யாணம் எதுவும் இல்லை. 16 வயதுப் பெண். அந்த ஆண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து அந்த மணங்களுக்கு ஏற்பு கிடைத்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: கட்டிக்கொண்டு போய்க் கைவிடும் மாப்பிள்ளைகள் இருக்கும்போது, அரசு ஒதுங்கி நிற்கலாமா? ஒதுங்கச் சொல்லவில்லை; காவல் வேறு, சோதனை வேறு. 2012-இல் கனடா, புதிதாக மணந்து வந்தவர் இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தரக் குடியிருப்பு நிலைக்கும் என்று நிபந்தனை வைத்தது. பொய்யைப் பிடிக்க வைத்த விதி, அடிபட்ட பெண்களை அடித்தவன் வீட்டிலேயே பூட்டிவைக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 2017-இல் அதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் ஸ்பான்சர் கையெழுத்திடும் ஆதரவுப் பத்திரம் எவ்வளவோ மேல். அது அன்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. சோறு போடுவாயா என்றுதான் கேட்கிறது. விவாகரத்தானாலும் அந்தப் பொறுப்பு தீராது. கணவன் பணம் தராமல் கைவிரித்தால், அதே பத்திரத்தைக் காட்டி மனைவி அங்கேயே வழக்குப் போடலாம்.