மேல்தோட்டமும் கீழ்த்தோட்டமும்

மலையில் ஏற ஏறக் குளிர் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பகலில் அது மெய். ஆனால் மார்கழி, தை மாதங்களில், மேகமில்லாத, காற்று அசையாத ஓர் இரவில், நீலகிரியில் அந்த விதியை நம்பிப் பள்ளத்தில் போய்ப் படுப்பவன் ஏமாந்து போவான். மேட்டில் இருப்பவனைவிட அவனுக்குத்தான் குளிர் அதிகம்.

காரணம் எளியது. பொழுது சாய்ந்ததும் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் போர்வையைப் போலத் தடுக்கும், இல்லையென்றால் தடையில்லை. குளிர்ந்த தரையைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனக்கிறது. கனத்தது சரிவில் இறங்குகிறது. ஓடைத் தண்ணீர் போகிற அதே வழியில், ஓசையில்லாமல் இறங்கி அடியில் தேங்குகிறது. விடியற்காலையில் உதகையின் புல்வெளிகள் வெள்ளை பூத்துக் கிடப்பது இதனால்தான். அந்த நேரத்தில் சரிவின் நடுப்பகுதி மட்டும் பள்ளத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். படுகர்களின் ஹட்டிகளில் பலவும் மேட்டிலும் சரிவிலுமே அமைந்திருக்கின்றன. குளிர் ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சேற்றுக்கும் வெள்ளத்துக்கும் ஒதுங்குவதும் புத்திதானே.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது தொல்காப்பியம். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது. உணவும் தொழிலும் தெய்வமும் அதற்குப் பிறகுதான் கருப்பொருளாக வருகின்றன. முன்பனிக் காலத்து நள்ளிரவில் ஒரு மலைச்சரிவில் நின்று பார்த்தவனுக்கு அந்த வரிசையின் நியாயம் எலும்பிலேயே உறைக்கும். ஆனால் இதை வைத்துக்கொண்டு சிலர், மனிதனை நிலம் ஆட்டி வைக்கிறது, அவனுக்கு என்ன பொறுப்பு என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. சமவெளியில் ஒருவன் தன் நிலத்தில் செய்வது பெரும்பாலும் அவனோடு போகும். சரிவில் அப்படியில்லை. அங்கே நிலத்தின் வடிவம் பொறுப்பைக் கூட்டுகிறது.

கேத்திப் பள்ளத்தாக்கில் நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். வழக்கு என்றால் கோர்ட்டுக்குப் போனதல்ல; போக முடியாதது. மேலே ஒருவருக்குக் காரட் தோட்டம். அதன் கீழ் ஓரத்தில், சரிவுக்குக் குறுக்கே, நெருக்கமாய் வளர்ந்த ஒரு செடிவேலி. இறங்கி வந்த குளிர்காற்று வேலியில் முட்டி, அணையில் நீர் நிற்பதுபோல் நின்றுவிடும். வருஷா வருஷம் அவருடைய கடைசிப் பாத்திகள் பனியில் கருகின. பெரியவர் ஒருநாள் அரிவாளை எடுத்து வேலியில் அகலமாக இரண்டு வாய் திறந்துவிட்டார். காற்று வழிந்தது, பாத்திகள் பிழைத்தன. அந்தத் தை மாதம் கீழ்த்தோட்டத்துக்காரரின் உருளைக்கிழங்குச் செடிகள் கருகின.

“நான் பனியை அனுப்பினேனா ஐயா? அது தானாகப் போகிறது. என் வேலியை நான் வெட்டினேன்” என்றார் பெரியவர்.

இந்தப் பதிலை ஒதுக்கித் தள்ளுவது அவ்வளவு சுலபமில்லை. வேலி வைக்க அவருக்கு உரிமை உண்டென்றால் வெட்டவும் உண்டு. வேலி இருந்த காலமெல்லாம் கீழ்த்தோட்டக்காரர் சேரவேண்டிய நஷ்டத்தை இவரே சுமந்தார் என்றுகூட வாதாடலாம். அதற்காகக் கீழேயிருந்து ஒருவரும் நன்றி சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காற்று எங்கே போகும் என்று தெரியாமல் வெட்டியிருந்தால் அது வேறு. தெரிந்துதான் வெட்டினார், அந்தத் தெரிவுதானே அவர் பாத்திகளைக் காப்பாற்றியது! தெரிந்து திறந்த வாசல் வழியாகப் போவதற்கு, திறந்தவனும் ஒரு பங்காளிதான்.

வாய்க்கால் தண்ணீராக இருந்தால் நம்மிடம் முறை உண்டு. யாருக்கு எந்த நாள், எத்தனை நாழிகை என்று ஊரே சேர்ந்து வகுத்திருக்கிறது. மீறினால் கேட்க ஆளுண்டு. குளிருக்கு அப்படி ஒரு முறை இல்லை. எல்லோரும் வேண்டுகிற பொருளைப் பங்கு போட நாம் கற்றோம். எவரும் வேண்டாத ஒன்று வந்தால் அடுத்தவன் எல்லைக்குத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். பட்டணத்துச் சாக்கடையிலும் இதே நியாயம் ஓடுகிறது என்பதால் மலைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கீழே போகிற குளிர் கடைசியில் எங்கே போகும்? முன்பு அதற்கு ஓர் இடம் இருந்தது. பள்ளத்தாக்குகளின் அடியில் சதுப்பு நிலம் கிடந்தது, எருமைகள் மேய்ந்தன. அங்கே பனி விழுந்தால் புல்தான் வாடும், மறுபடி தளிர்க்கும். நீர் நிறைந்த மண் பகல் சூட்டை இரவில் மெல்ல மெல்ல விட்டுக் குளிரின் கூர்மையையும் மழுக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மலையில் வேரூன்றிய பிறகு, இடம் போதவில்லை. பல சதுப்புகளை வடித்துப் பாத்தி கட்டினார்கள். வடிந்து உலர்ந்த மண் சீக்கிரம் குளிர்கிறது. ஆகவே நல்ல கரிய மண்ணுக்கு ஆசைப்பட்டு இறங்கியவர்கள், குளிரின் கிண்ணத்துக்குள்ளேயே விதைத்தார்கள். கட்டடங்களும் இறங்கின. 2009 நவம்பரில் பெருமழை கொட்டிச் சரிவுகள் சரிந்தபோது நீலகிரி மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்றைக்கும், தானாக வந்தது, நான் என்ன செய்தேன் என்று சொல்ல மேலே பலர் இருந்தார்கள். மழை தானாகத்தான் வந்தது. ஆனால் சரிவை வெட்டியதும், நீர் போகும் வழியில் சுவர் வைத்ததும் தானாக நடந்தவையல்ல.

ஆகவே பெரியவரிடம் வேலியை மறுபடி அடைக்கச் சொல்வது என் விருப்பமில்லை. வெட்டுவதற்கு முன்னால் கீழே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கீழ்த்தோட்டக்காரர் அந்த இரவுகளில் காய்ந்த தழையாவது மூடியிருப்பார். தம் எல்லையிலும் ஒரு வாய் திறந்து ஓடைப் பக்கம் திருப்பியிருப்பார். ஓடையோரத்து அந்தக் கடைசித் துண்டு நிலத்தை விதைக்காமல் ஈரத்தோடு விட்டுவிட்டால், இறங்கி வருகிற குளிர் ஒருவர் வயிற்றிலும் அடிக்காமல் அங்கே கிடந்துவிட்டுப் போகும். அந்தத் துண்டு கீழ்த்தோட்டக்காரருடையது. ஆனால் அது சும்மா கிடப்பதால் வரும் நஷ்டம் அவர் ஒருவருடையதாக இருக்கலாகாது. மேல்தோட்டமும் அதில் பங்கு கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கேத்திக்காரர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும். காலை பஸ்ஸில் ஏறி வந்து மாலை பஸ்ஸில் இறங்கிப் போகிற நான் அந்தக் கணக்கில் தலையிடுவதற்கில்லை.